எந்தக் கேஸ்

செப்டம்பர் 4, வியாழன்

நேற்றோடு பதினோராம் நாள் காரியம் முடிந்தது. வந்திருந்த ஒரம்பரைச் சனம் எல்லாம் கிளம்பிவிட்டது. மிச்சமிருந்த எச்சில் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தேன். வீடு பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கிறது.

துரைசாமி அண்ணன் எனக்கு ஒரு வேலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, எங்கள் வீட்டுக்காரருடைய தங்கச்சி ருக்குமணியின் புருசன். பதினைந்தாம் தேதி ஸ்டேஷனில் விசாரணை. நடந்ததை எல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்த வக்கீல் சொன்னாராம்.

"எழுதிப் படிச்சுப் பாத்துக்க அம்மிணி. கேக்கறப்ப கடகடன்னு வரோணும். நீ முழிச்சீன்னா அவன் தப்பிச்சிருவான்" என்றார்.

அவன் என்றால் மருந்துக்கடை கதிரேசன். மனு அவர் மேல்தான். கொடுத்தது நான்தான், கையெழுத்து என்னுடையது. காரியத்துக்கு முன்னாலேயே அண்ணன் எழுதிக்கொண்டு வந்தார், நான் போட்டேன்.

நான் ஆறாவது வரைக்கும்தான் படித்தேன். மோனிஷா தன்னுடைய கெமிஸ்ட்ரி ரஃப் நோட்டில் பின்பாதியைக் கொடுத்தாள். பன்னிரண்டாவது படிக்கிறாள். எனக்கு ஒரே பிள்ளை.

நடந்தது இது. ஆகஸ்ட் 23 சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் வீட்டுக்காரருக்கு நெஞ்சு கரித்தது. நான் கதிரேசன் கடைக்குப் போனேன். கேஸ் என்று சொன்னார். மாத்திரை கொடுத்தார். வாங்கிவந்து கொடுத்தேன். மறுநாள் காலையில் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடப் போனவர் டேங்க் அடியில் விழுந்து கிடந்தார். ஜிஎச்சுக்குக் கொண்டுபோனோம். உயிர் இல்லை என்றார்கள்.

அவர் பெயர் நாச்சிமுத்து. பத்தொன்பது வருசத்தில் அந்தப் பெயரை நான் எழுதியது இல்லை. மனுவில்தான் முதலில் எழுதினேன், இப்போது இங்கே.

இவ்வளவுதான் நடந்தது. அரைப் பக்கம்கூட வரவில்லை.


செப்டம்பர் 5, வெள்ளி

காலை அஞ்சரைக்குத் தண்ணீர் திறந்துவிடப் போனேன். அவர் பஞ்சாயத்தில் டேங்க் ஆபரேட்டர். புது ஆள் போடும் வரைக்கும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கிளார்க் சொல்லியிருக்கிறார். மேற்கு வீதிக்கு முக்கால் மணி நேரம், காலனிக்கு முக்கால் மணி நேரம், பள்ளிக்கூட வீதிக்கு அரை மணி. கேட்வால்வு இறுகிக் கிடந்தது. ரெண்டு கையும் போட்டுத் திருகினேன்.

மேற்கு வீதி சரசக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்தாள். "உன்ற வீட்டுக்காரரு இருந்தப்ப எங்களுக்குப் பத்து நிமிசம் எச்சா வரும்டி சாந்தாமணி. நீ என்னமோ கலெக்டராட்டம் மணி பாத்து மூடற."

சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு முதல் தடவை. சிரித்த உடனே யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

மதியம் கேஸ் தீர்ந்துவிட்டது. ஏஜென்சிக்கு மோனிஷா போன் செய்தாள். கேஸ் யார் பேரில் இருக்கிறதோ அவர் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் இனி சிலிண்டர் வராதாம். "அவரு வரமாட்டாருங்க" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை போனை வைத்துவிட்டாள். விறகு அடுப்பில் சோறாக்கினேன்.

கேஸ் என்ற சொல் எங்கே போனாலும் முன்னால் வந்து நிற்கிறது. அன்று ஜிஎச்சில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வெளியே வந்து, "டெத் கேஸ் கூட வந்தவங்க யாரு" என்று கேட்டார். நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் ஒரு பாம்புக்கடிக் கேஸ் இருந்தது, ஒரு பிரசவக் கேஸ் இருந்தது. இரண்டாவது தடவை கேட்டபோதுதான் அது அவர் என்று தெரிந்தது. காலையில் டீ குடித்துவிட்டுப் போகும்போது அவருக்கு ஒரு பெயர் இருந்தது.


செப்டம்பர் 6, சனி

ருக்கு வந்தாள். பிளாஸ்கில் காபி கொண்டுவந்தாள். சமையல்கட்டு நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது. அண்ணன் பெண்டாட்டி என்பதால் என்னை நங்கையா என்றுதான் கூப்பிடுவாள்.

"நங்கையா, நீங்க மட்டும் அசைஞ்சிராதீங்க. பதினஞ்சாந்தேதி அவன் மொகத்துக்கு நேரா சொல்லோணும்."

"என்னத்தச் சொல்றது ருக்கு."

"கேஸ்னு சொல்லித்தான மாத்திரை குடுத்தான்? அதைச் சொல்லுங்க. என்ற அண்ணனக் கொன்னுபோட்டான்."

நான் காபியை ஆற்றினேன். அவள் பிளாஸ்க் மூடியைத் திருகி மூடினாள். பிறகு சொன்னாள்.

"என்ற புள்ளைய என்ன பேசறாங்கன்னு உங்களுக்குத் தெரியுங்களா? பள்ளிக்கூடத்துல ஒருத்தி கேட்டிருக்கறா, உன்ற சீருக்குத்தான உங்க மாமா செத்துப்போனாருன்னு. சந்தையில ஒரு பொம்பள என்ற காதுபடவே சொல்றா, மாமனை முழுங்கிட்டு உக்காந்த புள்ளைன்னு. நேத்ரா ரூமை விட்டு வெளிய வர்றதில்லைங்க நங்கையா. பழி ஒருத்தன் மேல எறங்குனாத்தான் என்ற புள்ள மேலருந்து எறங்கும்."

இதை எழுதி வைக்க வேண்டும். 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நேத்ராவுக்கு, அதாவது ருக்குவின் மகளுக்கு, வயதுக்கு வந்த சீர். தாய்மாமன் வந்து பச்சை ஓலைக் குடிசை கட்டித் துணிமணி கொடுத்தால்தான் அந்தச் சீர். தாய்மாமன் இவர் ஒருத்தர்தான். பந்தல் போட்டு, சமையலுக்கு ஆள் வந்து, எல்லாம் நின்றுபோனது. அந்தப் பிள்ளை மஞ்சள் பூசின முகத்தோடு எங்கள் வீட்டு வாசலுக்கு ஓடிவந்தது. யாரோ ஒரு கிழவி அதை உள்ளே விடாமல் கையைப் பிடித்துத் தள்ளியதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

ருக்கு போகும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். 23ஆம் தேதி சாயங்காலம் அவள் போன் செய்ததைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை.


செப்டம்பர் 8, திங்கள்

கதிரேசன் கடை பூட்டியே கிடக்கிறது. ஷட்டரில் யாரோ சாணியைக் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். காய்ந்து வெடித்திருக்கிறது. காலனித் தண்ணீரை மூடிவிட்டு வரும்போது பார்த்தேன். வேறு வழியாக வந்திருக்கலாம்.


செப்டம்பர் 9, செவ்வாய்

மதியம் பிரேமா வந்தாள். கதிரேசனின் பெண்டாட்டி. வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வா."

"வேண்டாங்க்கா. எழவுக்கே வந்திருக்கோணும். பயத்துல வரலை."

நான் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தேன். அவள் நின்றபடியே பேசினாள்.

"அவரு சரியாச் சோறே திங்கறதில்லைங்க்கா. மாத்திரையைக் குடுத்தது தப்பு, அக்காவைக் கையோட கூட்டிட்டுப் போய் அண்ணனை வண்டியில ஏத்தியிருக்கோணும்னு பொலம்பிட்டே கெடக்கறாரு. ஆனா நான் சொன்னேன், சொன்னேன்ங்கறாரு. என்ன சொன்னீங்கன்னு கேட்டா, அக்காவுக்குத் தெரியும்ங்கறாரு."

என்னையே பார்த்தாள். நான் மிளகாயைத் திருப்பிவிட்டேன்.

"லைசென்ஸ் போயிருச்சுன்னா நாங்க ஊரை விட்டுத்தாங்க்கா போகோணும். கரூர்லருந்து வந்து பன்னெண்டு வருசமாச்சு. இந்த ஊர்ல யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் எங்க கதவைத்தான் தட்டுனாங்க."

"தண்ணி குடிக்கறயா" என்று கேட்டேன்.

கொண்டுவந்து கொடுத்தேன். வெயிலிலேயே நின்றிருந்தாள், சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தாள். சொம்பைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மிளகாய்க்கு இன்னும் ஒரு வெயில் வேண்டும்.


செப்டம்பர் 10, புதன்

துரைசாமி அண்ணன் ஒத்திகை பார்க்க வந்தார். பிளாஸ்டிக் சேரை நடுவீட்டில் போட்டுக் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"நான்தான் ஸ்டேஷன் ரைட்டர்னு வெச்சுக்க. உன்ற பேரென்ன?"

"உங்களுக்குத் தெரியாதாங்ண்ணா."

"எனக்குத் தெரியும். ரைட்டருக்குத் தெரியாதல்லோ."

"சாந்தாமணிங்க."

"என்ன நடந்துச்சு?"

சொன்னேன். நாலாம் தேதி எழுதின மாதிரியே சொன்னேன். அண்ணனுக்குப் போதவில்லை.

"இப்படி மொட்டையாச் சொன்னா எடுபடாது. பயப்படாதீங்க, வெறும் கேஸ்தான், இதைப் போட்டாக் காத்துப் பிரிஞ்சிரும்னு சொன்னான். அப்படித்தான?"

"பயப்படாதீங்கன்னு சொல்லலீங்ண்ணா."

"வேற என்ன சொன்னான்?"

அவர் சும்மாதான் கேட்டார். அடுப்பில் பால் வைத்திருந்ததாகச் சொல்லி உள்ளே போனேன். பால் எதுவும் வைக்கவில்லை. திரும்பி வந்து, "கேஸ்னு சொன்னாருங்க" என்றேன்.

"அது போதும். கேஸ்ங்கற அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்றாத. அதுலதான் கேஸே நிக்குது."

தான் சொன்னது அவருக்கே வேடிக்கையாக இருந்தது. சிரிக்கப் போனார். சுவரில் மாலை போட்ட போட்டோவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.


செப்டம்பர் 11, வியாழன்

எதுவும் எழுத இல்லை. மோனிஷாவுக்குக் காலாண்டுப் பரீட்சை ஆரம்பித்துவிட்டது.


செப்டம்பர் 12, வெள்ளி

மோனிஷா நோட்டைக் கேட்டாள். முன்பக்கத்தில் ஏதோ ஃபார்முலா எழுதி வைத்திருக்கிறாளாம். கொடுத்துவிட்டுச் சட்னி தாளிக்கப் போனேன். வந்து பார்த்தால் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். பிடுங்கியிருக்க வேண்டும். கையில் கரண்டி இருந்தது.

"கதிரேசண்ணன் கேஸ்னு எப்படிம்மா சொல்லுவாரு? தலைவலி மாத்திரைக்கே ஆயிரம் கேள்வி கேக்கற ஆளு."

"சொன்னாரு."

"எப்படிச் சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லு."

"சட்னி கருகுது, விடு."

"அடுப்பை அணைச்சாச்சும்மா. சொல்லு."

சொன்னேன். "ஹார்ட் கேஸ் மாதிரி தெரியுதுக்கான்னு சொன்னாரு."

பிள்ளை பேனா மூடியைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா. அது எந்த கேஸ்?"

"எந்த கேஸ்னா? நெஞ்சுல அடைக்கற கேஸ்."

நோட்டில் இங்கிலீஷில் இரண்டு சொல் எழுதினாள். ஒன்றுக்குக் கீழே ஒன்று. முதல் எழுத்தே வேறு வேறு. ஒன்று பிறை மாதிரி சும்மா வளைந்திருந்தது. இன்னொன்றுக்கு அந்த வளைவுக்குள் ஒரு கொக்கி.

"கொக்கி இருக்கறது வாயு, அடுப்புல எரியறது. கொக்கி இல்லாத இது நோயாளி. போலீஸ்ல போடறதும் இதுதான். தமிழ்ல எழுதுனா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும், கேக்கறதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அவரு இதைச் சொல்லியிருக்காரும்மா. அப்பாவுக்கு இது நெஞ்சுவலி நோயா இருக்கும்னு சொல்லியிருக்காரு. நீ வாயுன்னு நெனச்சுட்ட."

எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே என் தலையைத் தடவினாள், நான்தான் பிள்ளை என்கிற மாதிரி. "உனக்குத் தெரியாதும்மா. தெரியாம நடந்ததுக்கு நீ என்ன பண்ணுவ. ஸ்டேஷன்ல இதைச் சொல்லிரு. கதிரேசண்ணன் பாவம். உன்னையும் யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

அவள் கை சூடாக இருந்தது. எடுக்க வேண்டாம் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.


செப்டம்பர் 13, சனி

தெரியாம நடந்தது. நல்ல சொல். கேட்வால்வைத் திருகும்போது சொல்லிப் பார்த்தேன். மாவு கரைக்கும்போது சொல்லிப் பார்த்தேன். வாய்க்கு இதமாக இருந்தது. துரைசாமி அண்ணன் சொல்லிக்கொடுத்ததைவிட இது சுலபம், பொய் சொல்லவும் வேண்டாம்.

ஆனால் நாலாம் தேதி எழுதினதில் ஒன்றை நான் விட்டிருக்கிறேன். நெஞ்சு கரித்தது என்று மட்டும் எழுதினேன். இடது கை கடுக்கிறது என்றார், பனியன் பிழிகிற மாதிரி வேர்த்திருந்தது. இதைக் கதிரேசனிடம் சொன்னேன். சொன்ன பிறகுதான் அவர் கையில் இருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்துவிட்டு ஹார்ட் கேஸ் மாதிரி தெரியுதுக்கா என்றார். கேஸ் மாத்திரை குடுங்க என்று கேட்டது நான். இரண்டாவது தடவையும் கேட்டேன். அப்புறம்தான் கொடுத்தார்.

ஈசிஜி எடுத்துப் பார்த்துவிடுங்க என்றும் சொன்னார்.

ஈசிஜி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் அப்பாவுக்கு இரண்டு தடவை எடுத்தார்கள், நான்தான் கூட இருந்தேன். நெஞ்சிலும் காலிலும் ஒயர் மாட்டுவார்கள். வாயுவுக்கு யாரும் ஒயர் மாட்டுவதில்லை.

மோனிஷாவிடம் இதைச் சொல்லவில்லை. நேற்றிலிருந்து அவள் என்னோடு நன்றாகப் பேசுகிறாள். காலையில் தோசை இரண்டு அதிகமாகச் சாப்பிட்டாள்.


செப்டம்பர் 14, ஞாயிறு

நாளைக்கு விசாரணை. இன்று முழுசாக எழுதிவிடுகிறேன்.

23ஆம் தேதி எங்கள் வீடு முழுக்கச் சீர்ச் சாமான். தாம்பாளம் பதினொன்று அடுக்கி வைத்திருந்தேன். நேத்ராவுக்கு அரக்குக் கலரில் பட்டு. எனக்கும் ஒரு புதுப்புடவை எடுத்திருந்தார், மாம்பழக் கலர். ஜாக்கெட் அன்றைக்குத்தான் தைத்து வந்தது. போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றும்போதுதான் அவர் கட்டிலில் இருந்து கூப்பிட்டார்.

அவருக்கு எப்போதுமே கேஸ்தான். வாரத்துக்கு ஒரு தடவை நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு சோடா குடிப்பார். "உங்களுக்கு வேற வேலையே இல்லீங்களா" என்பேன். அன்றும் அதையேதான் சொன்னேன். பிறகுதான் பனியனைத் தொட்டுப் பார்த்தேன். கடைக்கு ஓடினேன்.

கடையிலிருந்து எங்கள் வீட்டுக்கு நாலு வீடுதான் தூரம். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தேன். அந்த நாலு வீடு தாண்டுவதற்குள் எல்லாம் யோசித்துவிட்டேன். டவுனுக்குக் கூட்டிப்போனால் படுக்க வைத்துக்கொள்வார்கள். தாய்மாமன் ஆஸ்பத்திரியில் இருந்தால் நாளைக்குச் சீர் நிற்கும். என்னால் நின்றது என்று ருக்கு சாகும்வரைக்கும் சொல்லிக்காட்டுவாள். ஒரு நாள்தானே. திங்கட்கிழமை கூட்டிப்போகலாம்.

வாசல்படி ஏறும்போது போன் அடித்தது. ருக்கு. அண்ணன் போன் எடுக்கவில்லையே என்று கேட்டாள். கடை, மருந்து, ஒயர் எதையும் சொல்லவில்லை. நெஞ்சு கரிக்குதாம் என்று மட்டும் சொன்னேன். "கேஸா இருக்கும்ங்க நங்கையா. சீரகத் தண்ணி வெச்சுக் குடுங்க. நாளைக்கு அண்ணன் இல்லாட்டி சீரே நடக்காதுங்க" என்றாள்.

எனக்கு அது வசதியாக இருந்தது.

உள்ளே போனேன். "என்ன சொன்னான் கதிரேசன்?" என்று கேட்டார்.

"கேஸ்தானுங்களாம்" என்றேன்.

"நெனச்சேன். மத்தியானம் நீ போட்ட உருளைக்கெழங்கு" என்று சொல்லி மாத்திரையைப் போட்டுக்கொண்டார். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னார். போட்டேன். காலருக்கு இரண்டு தடவை போட்டேன்.

நான் சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பாரா என்று தெரியாது. சீர் நாளில் போய் என்னடி பேசற என்று திட்டியிருப்பார். ஆனால் அதை முடிவுசெய்ய வேண்டியது அவர். நெஞ்சு அவருடையது. அவரிடம் சொல்லவே இல்லை நான்.

கதிரேசன் கடைசியாகச் சொன்ன ஒரு சொல் பாக்கி இருக்கிறது. அதை எழுதக் கை வரவில்லை.


செப்டம்பர் 15, திங்கள்

பதினோரு மணிக்கு வரச் சொன்னார்கள். கூப்பிட்டபோது மூணு மணி. அதற்குள் மோனிஷா பரீட்சை எழுதிவிட்டு யூனிபார்மோடு வந்துவிட்டாள். எனக்கு இந்தப் பக்கம் ருக்கு, அந்தப் பக்கம் மோனிஷா. துரைசாமி அண்ணன் நின்றுகொண்டே இருந்தார். எதிர் பெஞ்சில் கதிரேசனும் பிரேமாவும். கதிரேசனுக்குச் சட்டை தொளதொளவென்று இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், கடையில் யார் வந்தாலும் எழுந்து நிற்கிற மாதிரி. பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்துகொண்டார்.

எஸ்ஐ பந்தோபஸ்துக்குப் போய்விட்டார். ரைட்டர்தான் விசாரித்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு மனுவைப் படித்தார்.

"ஏம்மா, கேஸ்னு சொல்லி மாத்திரை குடுத்தார்னு இருக்குது. கேஸ்னு சொன்னாரா?"

"சொன்னாருங்க."

துரைசாமி அண்ணன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"ஹார்ட் கேஸ்னு சொன்னாருங்க" என்றேன்.

ரைட்டர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "ஹார்ட் கேஸ்னா?"

மோனிஷா எழுந்துவிட்டாள். "சார், அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க சார். அவரு நெஞ்சுவலிக் கேஸ்னு சொல்லியிருக்காரு. அம்மா வாயுன்னு நெனச்சுட்டாங்க. ரெண்டும் ஒரே மாதிரி கேக்கும்ங்க சார்."

"அப்படிப் போடு" என்றார் ரைட்டர். பக்கத்து மேசைக் கான்ஸ்டபிளைப் பார்த்து, "முப்பது வருசமா கேஸ் எழுதறேன், இது எனக்குத் தோணலையே" என்றார். பிறகு கதிரேசனைக் கேட்டார். "நீ அப்படித்தான் சொன்னியா?"

"ஆமாங்க சார். இந்த வார்த்தை அக்காவுக்கு எப்படிக் கேக்கும்னு நான் யோசிக்கலீங்க."

ரைட்டர் பேப்பரை எடுத்தார். "முடிஞ்சுதப்பா. படிக்காத பொம்பள, வார்த்தையைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. யாரு மேலயும் குத்தமில்லை. அப்படியே எழுதி மூடிக்கலாமா?"

யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. பிரேமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். துரைசாமி அண்ணன்கூட, என்ன இருந்தாலும் ஆள் போயாச்சு என்கிற மாதிரி தலையை ஆட்டினார். ருக்கு மட்டும் அழுதுகொண்டே முனகினாள். "யாரு மேலயும் இல்லைன்னா அப்பறம் எம்புள்ள மேலதானுங்களே வரும்."

மோனிஷா என் கையைப் பிடித்து, "வாம்மா, போலாம்" என்றாள்.

நான் எழுந்தேன். எழுந்து மேசைக்குப் பக்கத்தில் போனேன்.

"அய்யா, அவரு இன்னொண்ணும் சொன்னாருங்க. ஈசிஜி எடுத்துப் பாருங்கன்னு சொன்னாரு. இன்னிக்கே கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னாரு."

"சரி, அதையும் நீங்க தப்பா..."

"இல்லீங்க. கேஸுக்கு ரெண்டு அர்த்தம் இருக்குதுங்க. இன்னிக்கேங்கறதுக்கு ஒண்ணுதானுங்க."

ரைட்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நாளைக்குச் சீர் நின்னுரும்னு நான் எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லலீங்க. கேஸ்தானுங்களாம்னு சொல்லிட்டேன். சீருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, அந்தப் புள்ளைக்கும் இல்லை. நான் சொல்லாததுதான். இதை எழுதுங்க."

"ஏம்மா, இதெல்லாம் எழுதி என்ன ஆகப்போகுது? வீட்டுச் சமாச்சாரம். உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

"ஊர்ல கேட்டாக் காட்டறதுக்கு ஒரு பேப்பர் வேணும்ங்க."

பேனாவைத் திரும்ப எடுத்து எழுதினார். எழுதி முடித்து என் பக்கம் திருப்பி வைத்தார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். டவுனுக்குக் கூட்டிப் போகும்படி சொன்னதாக இருந்தது. இன்றைக்கே என்பதை விட்டிருந்தார். சேர்க்கச் சொன்னேன். வரிக்கு மேலே சின்னதாகச் சேர்த்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் கதிரேசன் ஏதோ சொல்ல வந்தார். "அக்கா" என்றார். ருக்கு என் பக்கமே திரும்பாமல் வண்டியில் ஏறினாள். துரைசாமி அண்ணன் வண்டியைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் போய் வண்டி நின்றது. ருக்கு இறங்கி வருவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். இறங்கவில்லை. திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு போய்விட்டார்கள். போனில் அவள் சொன்னதை நான் ஸ்டேஷனில் சொல்லவில்லை. அது அவள் சொல்ல வேண்டியது.

பஸ்ஸில் கூட்டமில்லை. மோனிஷா என் பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டு சீட்டு முன்னால் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். வழி முழுக்க அவள் பின்னலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். காலையில் நான் பின்னிவிட்டது. டிக்கெட் எடுக்கக் கண்டக்டர் வந்தபோது, "பின்னாடி அம்மாகிட்ட வாங்கிக்கங்க" என்றாள்.

எங்கள் ஊர் வந்தது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். பஸ் நின்றுவிட்டது. அவள் எழுந்து, படிக்குப் போகாமல், என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எறங்கும்மா" என்றாள்.

ஸ்டேஷனுக்கு அப்புறம் என்னிடம் அவ்வளவுதான் பேசினாள்.